ஆட்சேபணைக்குரிய வேர்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. தோட்டச் சங்கத் தலைவர் ஓமேயின் கையிலிருந்த அளவுகோல் மஞ்சள் நிறம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளை என்கிறாள் என் மனைவி. அந்த வருடம் பிளம்ஸ் காய்த்ததா என்பதிலும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. கொஞ்ச காலமாக நான் அதிகம் பேசுவதில்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு நடந்ததும் நடந்திருக்கக்கூடியதும் கலந்துவிடும். ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பேச்சுகளை நானாகக் கற்பனை செய்திருக்க முடியாது.

கெம்னிட்ஸ் நகரத்தின் கிழக்குப் பக்கம் இருக்கிறது எங்கள் ‘நற்பொறுமை’ தோட்டச் சங்கம். ஆளுக்கொரு துண்டு நிலம் குத்தகைக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு காயும் பழமும் விளைய வேண்டும். வேலிச்செடி இடுப்பளவு. மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை சத்தம் கூடாது. நான்கு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரம் அறவே கூடாது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘தோட்ட நண்பரே’ என்று அழைக்க வேண்டும். நண்பர்களாக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

என்னுடையது நாற்பத்தாறாம் எண் தோட்டம். பக்கத்தில் நாற்பத்தேழு, ரைன்ஹார்ட் உலிக்கினுடையது. காலுறை பின்னும் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில், அதை இழுத்து மூடும்வரை வேலை பார்த்தவர். அவர் மனைவி ஹன்னலோராவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: “பாரு.” பசித்தாலும் பாரு, வலித்தாலும் பாரு. ஐந்தாம் மாடி வீட்டில் அவள் நாள் முழுக்கக் கதவைப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள். தோட்டத்துக்குக் கொண்டுவந்து ஆப்பிள் மரத்தடியில் விட்டால் அழுகை நின்றுவிடும். இடது கையால் பட்டாணி உரிப்பாள். இதற்கு டாக்டர்கள் காரணம் எதுவும் சொல்லவில்லை, உலிக்கும் கேட்கவில்லை. மழை இல்லாத எல்லா நாளும் அவளைக் கொண்டுவந்தார். அந்தத் துண்டு நிலம் அவருக்கு என்னவாக இருந்தது என்று இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

சக்கர நாற்காலி தோட்டத்துக் குடில்வரை போக ஒரு சரிவுப் பாதை போடலாம் என்று ஒரு வசந்த காலத்தில் மண்ணை வெட்ட ஆரம்பித்தார்.

“யோஹன், இங்க கொஞ்சம் வாயேன். மம்முட்டி என்னத்துலயோ முட்டுது.”

போய்ப் பார்த்தேன். கல்மரம். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. நிலவறை தோண்டினால் வரும், குழாய் பதித்தால் வரும். எப்போதோ ஒரு எரிமலை மொத்தக் காட்டையும் சாம்பலில் மூடிக் கல்லாக்கிவிட்டதாம். என் மைத்துனன் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு துண்டு வைத்திருக்கிறான். ஆனால் எல்லாமே படுத்துக் கிடந்த துண்டுகள். இது நின்றுகொண்டிருந்தது. ஆள் இடுப்புப் பருமனில், நின்ற இடத்திலேயே, வேரோடு.

“உன் பாதை அவ்வளவுதான்” என்றேன்.

“பாதையைச் சுத்திப் போட்டுக்கிறேன். இவரு எனக்கு முன்னாடியே வந்தவரு.”

சுற்றியிருந்த மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். புகை போட்ட இறைச்சியின் நிறம். உடைந்த மேல்முகத்தில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள், நூற்றுக்கணக்கில். ஹன்னலோராவைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தோம். இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். “பாரு” என்றாள். முதல்முறையாக அந்தச் சொல் இடத்துக்குப் பொருந்தியது.

ஜூன் மாதம் சங்கத்தின் ஆய்வு நடை. தலைவர் கெரோல்ட் ஓமே முன்னால் அளவுகோலோடு வருவார், தோட்ட ஆலோசகர் நாய்பெர்ட் அம்மாள் பின்னால் விதிப் புத்தகத்தோடு வருவார். இருவரும் உலிக்கின் வாசலில் வெகுநேரம் நின்றார்கள்.

“தோட்ட நண்பர் உலிக், இது என்ன?”

“கல்லுங்க.”

“கல்லுக்கு வேர் எதுக்கு?”

உலிக் குனிந்து வேரைப் பார்த்தார்.

ஓமே அளந்தார். தரைக்குமேல் முழங்கால் உயரம். உலிக்கின் முகம் தெளிந்தது. நாய்பெர்ட் அம்மாள் தொண்டையைச் செருமினார்.

“இப்ப இருக்கிற உயரம் கணக்கில்லைங்க. வளரக்கூடிய உயரம்தான் கணக்கு. பேரனை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனப்ப பலகையில படிச்சேன். பத்து மீட்டர்.”

“நாலுக்கு மேல கூடாது” என்றார் ஓமே.

“ஐயா, இது வளந்து முடிச்சு இருபத்தொன்பது கோடி வருஷம் ஆச்சு!” என்றார் உலிக்.

ஓமே யோசித்தார். அவர் அநியாயக்காரர் இல்லை. “வயசான மரத்துக்கு ஏதாச்சும் சலுகை இருக்கா?”

நாய்பெர்ட் அம்மாள் புரட்டினார். “இல்லைங்க. வயசானதுக்குக் கண்காணிப்பு அதிகம். கிளை விழும்.”

“நான் நடலையே இதை.”

“முன்ன இருந்த குத்தகைக்காரர் நட்டிருந்தா நீங்க எடுத்துக்கும்போதே சொல்லியிருக்கணும். சொல்லாததால ஏத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம்.”

பிறகு ஓமே ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை வாங்கி மண்ணில் குத்திக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே கல் சத்தம் கேட்டது. சத்தம் வேலியைத் தாண்டி என் அவரைப் பாத்திக்கு வந்தது.

“தோட்ட நண்பர் ஹார்ட்விக்” என்று என்னைக் கூப்பிட்டார். “பக்கத்துத் தோட்டத்து வேர் உங்க நிலத்துல நுழைஞ்சிருக்கு. ஆட்சேபணை தெரிவிச்சீங்களா?”

“எனக்கு ஆட்சேபணை இல்லைங்க.”

“இருக்கான்னு கேக்கலை. தெரிவிச்சீங்களான்னு கேட்டேன்.”

உலிக்குக்கு வேரை விட்டதற்காகவும் எனக்கு வேரைப் பொறுத்துக்கொண்டதற்காகவும் ஒரே நாளில் எச்சரிக்கை வந்தது.

இலையுதிர் காலத்தில் சங்கக் கட்டடத்தில் கூட்டம். உருளைக்கிழங்கு சூப், பீர், மேடையில் ஓமே. அவர் பேசிய பேச்சு முழுதாக எனக்கு நினைவிருக்கிறது.

“நண்பர்களே, என்னை இரக்கம் இல்லாதவன்னு சிலர் சொல்றாங்க. எங்க அப்பா இதே நாற்காலியில உக்காந்திருந்தாரு. அவர் காலத்துல ஒரு அரசாங்கம் போச்சு, இன்னொண்ணு வந்துச்சு. என் காலத்துல அதுவும் போச்சு. கொடி மாறுச்சு, காசு மாறுச்சு, இந்த ஊர்ப் பேரே ரெண்டு தடவை மாறுச்சு. வேலி உயரம் மாறலை! எந்த அரசாங்கம் வந்தாலும் நாங்க அளந்துகிட்டேதான் இருந்தோம். எதுக்கு அளக்கிறோம்னு எங்க அப்பாவும் கேக்கலை, நானும் கேக்கலை. அதான் நம்ம பலம்.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அந்தக் கல்லுமேல நாய்கூட காலைத் தூக்காது, ஓமே! பீரைத் திறய்யா!”

“நாய்கள் எட்டாவது பொருள். அங்க பேசுவோம்” என்றார் ஓமே.

உலிக் எழுந்தார். கையில் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். “என் மனைவி அங்க வந்தாத்தான் கொஞ்சம் அமைதியா…”

“தோட்ட நண்பர் உலிக், உங்க மனைவி நிகழ்ச்சி நிரல்ல இல்லை.”

நாய்பெர்ட் அம்மாள்தான் வழி சொன்னார். மரம் வளர்ச்சியை முடித்துவிட்டது என்று ஒரு நிபுணர் சொன்னால் அதை மரப் பட்டியலிலிருந்து எடுத்து, தோட்டத்துக் குள்ளன் பொம்மைகளோடு அலங்காரப் பொருளாகச் சேர்த்துவிடலாம். அலங்காரப் பொருளுக்கு உயரம் மட்டும்தான் விதி. வேரைப் பற்றிப் பேச்சில்லை. முடிக்கவில்லை என்றால் அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் குத்தகை ரத்து.

அன்று வீடு திரும்பும்போது உலிக் சந்தோஷமாக இருந்தார். “செத்ததைச் செத்ததுன்னு சொல்ல ஒரு ஆள் கிடைக்காமலா போவாங்க?” என்றார்.

வேறொரு ஊரின் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் மாரைக்கெ ஃபிங்க் வந்தார். இளம் பெண். மண்ணில் மண்டியிட்டு, வேரிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பஞ்சில் சுற்றும்போது ஹன்னலோராவைப் பார்த்துச் சிரித்தார். மார்ச் மாதப் பொதுக்கூட்டத்துக்கு முடிவோடு வந்தார். கல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக அறுத்திருந்தார்கள். அதன் படத்தைச் சுவரில் காட்டினார்.

“நீங்க அடிமரம்னு நினைக்கிறீங்க இல்ல, அது அடிமரமே இல்லை. நடுவுல கை மொத்தத்துக்குத்தான் தண்டு. சுத்தி இருக்கிறது பூரா வேர். மேலேருந்து ஒவ்வொண்ணா இறங்கி, ஒண்ணை ஒண்ணு கட்டிப்பிடிச்சு, சேந்துதான் மரத்தை நிக்க வச்சிருக்கு. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு வேரோட நடுப்பகுதி, தண்ணி ஏறின குழாய்ங்க.”

அடுத்த படம். ஒரு வேரின் நுனி. மழுங்கிய விரல்நுனி போலிருந்தது.

“இது வேர்மூடி. மண்ணைக் குத்திட்டுப் போறப்ப நுனி தேஞ்சுடாம இருக்க ஒரு தொப்பி. அதுக்குப் பின்னாடி பொடிப்பொடியா செல்லுங்க. இந்த ஒண்ணைப் பாருங்க. ரெண்டாப் பிரிஞ்சுகிட்டு இருக்கு. பாதியில.” சுவரருகே போய் அந்த இடத்தில் விரல் வைத்தார். “சாம்பல் விழுந்த அன்னிக்கு இது வளந்துகிட்டு இருந்திருக்கு.”

நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாகப் போய்க்கொண்டிருந்த ஒன்று, இரண்டாகவும் ஆகாமல், ஒன்றாகவும் திரும்பாமல், அத்தனை காலம் இருட்டில் இருந்திருக்கிறது. எங்கள் அவரைக்கும் முள்ளங்கிக்கும் கீழே. அதை யாராவது பார்த்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஆக, வளந்துகிட்டு இருக்கு” என்றார் ஓமே.

“இருந்துச்சு.”

“எப்ப நின்னுச்சு?”

“அதுவா நிக்கலை. நிறுத்தப்பட்டுச்சு.”

“செத்ததுக்கு அடையாளம்?”

டாக்டர் ஃபிங்க் தயங்கினார். “நுனியில அழுகல் இல்லை, சுருக்கம் இல்லை. அதுதான் இதோட அருமையே.”

“அப்ப, செத்துடுச்சுன்னு எழுதித் தருவீங்களா, மாட்டீங்களா?”

உலிக் எழுந்துவிட்டார். “எழுதுங்க டாக்டர். ஒரு வார்த்தைதான். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

டாக்டர் ஃபிங்க்கின் முகம் சிவந்துவிட்டது. “உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க. ஆனா பாக்காததை நான் எழுத முடியாது. எங்க துறையில சாவை ஊகிக்கிறதில்லைன்னு ஒரு முடிவு எடுத்திருக்கோம். போன வருஷம் ஒருத்தர் ஒரு இலையைச் செத்துப்போச்சுன்னு எழுதிட்டாரு. ஆதாரம் எங்கன்னு கேட்டுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அவருக்கு இன்னும் வேலை கிடைக்கலை.”

“நல்ல ஆரோக்கியமான நுனி” என்றார் நாய்பெர்ட் அம்மாள். உள்ளபடியே பாராட்டினார், அவருக்குச் செடிகள் மேல் பிரியம் உண்டு.

நாற்பத்தேழாம் தோட்டத்தில் இருப்பது நல்ல நிலையில் வளரும் மரம், அகற்றப்பட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. கையைத் தூக்காதவர்கள் இரண்டு பேர், உலிக்கும் நானும். ஆனால் மார்ச் பிறந்துவிட்டது. பறவைகள் கூடு கட்டும் காலம், செப்டம்பர் முடியும்வரை நாடு முழுக்க மரம் வெட்டத் தடை. அதுவரை மரத்தைப் பராமரிப்பது குத்தகைக்காரரின் கடமை.

அந்தக் கோடை முழுக்க உலிக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

முதலில் நான் சிரித்தேன். நாய்பெர்ட் அம்மாள் மாதாமாதம் வந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். “வேர்ப்பக்கம் காஞ்சிருக்கே, தோட்ட நண்பர் உலிக்.” கூடு இருக்கிறதா என்று முழங்கால் உயரக் கல்லைச் சுற்றி வந்தும் பார்த்தார். குழாயை ஹன்னலோரா பிடிப்பாள், இடது கையால். நனைந்ததும் கல் உள்ளே விளக்கேற்றியதுபோல் சிவக்கும். “பாரு” என்பாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். பேச்சே இல்லாமல் மதியங்கள் போயின. சங்கத்தின் வரலாற்றிலேயே ஓய்வு நேரத்தை இவ்வளவு சரியாகக் கடைப்பிடித்தவர்கள் நாங்கள் மூவராகத்தான் இருப்போம்.

ஆகஸ்டில் ஒருநாள் உலிக் வேலியோரம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“யோஹன், ஒண்ணு கேக்கிறேன், சிரிக்காத. இது நெசமாவே வளருதோ?”

“பைத்தியமா உனக்கு?”

“பென்சில்ல ஒரு கோடு போட்டு வச்சேன், மண்ணு மட்டத்துல. இப்ப கோடு மேல ஏறி இருக்கு.”

“நீ ஊத்துற தண்ணிக்கு மண்ணு இறங்கியிருக்கும்டா.”

“ஆமா, அதுவும் இருக்கும்.” வேலிச்செடியில் ஒரு இலையைக் கிள்ளினார். “அத்தனை பேரு கை தூக்கினாங்களே. அத்தனை பேருக்குமா புத்தி கெட்டுப்போயிருக்கும்?”

அவர் திரும்பிப் போய்க் கோட்டை எச்சில் தொட்டு அழித்தார். அழிப்பதற்கு முன் இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்.

அக்டோபர் முதல் தேதி கடப்பாரையை எடுத்தார். இரண்டாவது அடி விழுவதற்குள் மாநிலத் தொல்பொருள் அலுவலகத்திலிருந்து ஒருவர் சிவப்பு நாடாவோடு வந்துவிட்டார். வேரோடு நிற்கிற கல்மரம் அபூர்வம் என்று டாக்டர் ஃபிங்க் நல்லெண்ணத்தோடு அவர்களுக்குத் தெரிவித்திருந்தார்.

“இதை நீங்க எடுக்கக் கூடாது” என்றார் அந்த அதிகாரி. “மண்ணைப் போட்டு மூடக் கூடாது. திறந்து வச்சா வெயில்ல வெடிக்கும், அதனால திறந்தும் வைக்கக் கூடாது.”

“அப்ப நான் என்னதான் செய்யறது?”

“செய்யக் கூடாததைச் சொல்றதுதான் எங்க பிரிவு. செய்ய வேண்டியது வேற பிரிவு. அங்க இப்ப ஆள் இல்லை.”

ஓமே வந்தார். அவரும் அதிகாரியும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எவ்வளவோ காலம் கழித்துச் சந்தித்த உறவுக்காரர்கள்போல இருந்தது. நாடா எவ்வளவு நேராகக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஓமே வியந்தார். வேலிகள் எவ்வளவு ஒழுங்கு என்று அதிகாரி வியந்தார்.

“எங்க உத்தரவுல இவங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்றார் ஓமே. “இவங்க தடையில எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ரெண்டுக்கும் நடுவுல நீங்கதான், தோட்ட நண்பர் உலிக், இடைஞ்சலா நிக்கிறீங்க.”

குத்தகை ரத்தானது. ஆனால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது குடில், செடி, வேர் எதுவும் இல்லாமல் வெறும் மண்ணாகக் கொடுக்க வேண்டும். வேரை எடுக்க முடியாது. ஆகவே கொடுக்கவும் முடியாது. இதைக் கேட்டதும் உலிக்கின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“அப்ப நான் இங்கயே இருக்கலாமா?”

“பொறுப்பு இருக்கு. உரிமை இல்லை” என்றார் ஓமே, பொறுமையாக. “வரணும், புல்லு வெட்டணும், மரத்துக்குத் தண்ணி ஊத்தணும். வேலை முடிஞ்சதும் போயிடணும்.”

“கொஞ்ச நேரம் உக்காந்துட்டு…”

“உக்கார்றது அனுபவிக்கிறது.”

“ஹன்னலோரா?”

“அவங்களுக்குப் பொறுப்பு எதுவும் இல்லையே. எதுக்கு உள்ள வரணும்?”

“வெளிய பாதையில இருக்கட்டும். நான் தண்ணி ஊத்துற நேரம் மட்டும்.”

“பாதை போறதுக்கு. நிக்கிறதுக்கில்ல.”

நான் அவளை என் தோட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனேன். விருந்தாளிக்கு விதியில் இடமுண்டு. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவளின் கண் வேலிச்செடிக்குக் கீழேதான் இருந்தது. இலைகளைப் பார்த்து அழுதாள். மடியில் வைத்த பட்டாணியைத் தொடவில்லை. மறுநாள் காலை கத்தரியை எடுத்து வேலியை முழங்காலளவுக்கு வெட்டித் தள்ளினேன். அழுகை நின்றது. அந்தப் பக்கம் உலிக் குழாயோடு நின்றார். இந்தப் பக்கம் அவள். தண்ணீர் பட்டுக் கல் சிவந்தது.

மாலையே ஓமே வந்தார், அளவுகோலோடு.

“இடுப்புக்கு மேல போகக் கூடாதுன்னுதானே இருக்கு?” என்றேன்.

“கீழ போகலாம்னு எங்க இருக்கு?”

பதினோரு நாள் அவள் பார்த்தாள் என்கிறாள் என் மனைவி. எனக்கு அதைவிடக் குறைவாகத் தோன்றுகிறது. நவம்பரில் வழக்கம்போலக் குழாயில் நீர் உறைந்துவிடாமலிருக்கச் சங்கம் தண்ணீரை நிறுத்தியது, வாசல் பூட்டப்பட்டது.

ஹன்னலோரா ஜனவரியில் வீட்டில் இறந்தாள். அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் இறந்துபோன உறுப்பினர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்றோம். இரண்டு பெயர்கள் வாசிக்கப்பட்டன. குத்தகை உலிக்கின் பெயரில் மட்டும் இருந்ததால் அவள் பெயர் அதில் வரவில்லை.

டாக்டர் ஃபிங்க் எழுதிய கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. இப்போது வடக்கே எங்கோ பேராசிரியராக இருக்கிறார். தொல்பொருள் அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார், அவர் இடமும் காலியாக இருக்கிறது. ஓமேவுக்கு மாநிலக் கூட்டமைப்பு ஒரு கௌரவப் பதக்கம் கொடுத்தது. அடுத்த வருடம் பாதையில் நடந்துபோகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நாய்பெர்ட் அம்மாள் தலைவராகிவிட்டார். என் வேலிச்செடி மறுபடி விதிப்படி வளர்ந்துவிட்டது. உலிக்குக்கு எழுபத்தெட்டு வயது. சனிக்கிழமைதோறும் வருகிறார், புல்லை வெட்டுகிறார், கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், உட்காராமல் போகிறார்.